மரையில் தடவிய சந்தனம்

இலஞ்சி,
ஆனி 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் உமாராணிக்கு அப்பா இசக்கிமணி சொல்லி எழுதும் கடிதம். நான் இங்கே வேளைக்குக் கஞ்சி குடித்து, குமாரர் கோயில் வரைக்கும் நடந்து போய்த் திரும்புகிற அளவுக்குச் சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி அண்டாமல் இருக்க அந்தக் குமாரரையே கும்பிட்டுத் தொடங்குகிறேன். எழுதுவது யார் என்று கேட்பாய். உன்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த பாஹிமாதான். தென்காசியில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் கையால் எழுதுகிறாள். டைப் அடித்தால் சீக்கிரம் முடியும் மாமா என்றாள். டைப் அடித்தால் கம்பெனிக் கடுதாசி மாதிரி இருக்கும், நீ கையாலேயே எழுது என்று சொல்லிவிட்டேன். போன் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று அவளுக்கும் கேள்வி இருக்கிறது. கடைசி வரைக்கும் எழுதினால் அவளுக்கே தெரியும்.

ஊரில் சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் தண்ணீர் விழுகிறதாம், நான் போகவில்லை, பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நம் வாசலில் கார் ஒன்றன் பின் ஒன்றாகக் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற கார். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்ன கார், எந்த ஊர் நம்பர் என்று பார்ப்பேன். எழுத்து தெரியாவிட்டாலும் கம்பெனி முத்திரையைப் பார்த்து என்ன வண்டி என்று சொல்லிவிடுவேன், யாரிடம் சொல்ல என்பதுதான். கம்பெனியில் வண்டி ஓட்டின என் சேக்காளி கடற்கரை இருந்த வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து பந்தயம் கட்டுவோம். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் அம்மா போய் வருகிற ஆவணியோடு மூன்று. அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது, ராத்திரிக்குப் பழைய சோறே போதும். சுகருக்குப் பழைய சோறு ஆகாது என்று நீ சத்தம் போடுவாய், இப்போது சத்தம் போடுவதற்கும் ஆள் இல்லையா, அதனால் பழகிவிட்டது. மேற்குச் சுவர் ஒழுகியதை ஆள் வைத்துப் பூசிவிட்டேன். வலது கண்ணில் விடச் சொன்ன சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன், பாதி கன்னத்தில் வழிகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய், கம்பெனி விழாவில் நான் பேசிய வீடியோவை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று. உன் பெரிய மகள் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்ட வேண்டும், தாத்தா கார் செய்தவர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள் என்றாய். நான் போன் சரியில்லை என்றேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நீ வந்தால் உன் பின்னால் மாப்பிள்ளை வருகிறார், பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துக் கை ஆட்டுகின்றன. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் கடிதம். இதை நீ மட்டும் முதலில் படி. படித்த பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கம்பெனியிலிருந்து அழைப்புப் பத்திரிகையும் அறுபதாம் வருஷ மலரும் கொடுத்துவிட்டார்கள். வழவழவென்று நல்ல தாள். அதைத் தூக்கிக்கொண்டு பாஹிமா கடைக்குப் போய் வாசி தாயி என்றேன். கம்பெனி வரலாற்றை இங்கிலீஷில் நீ எழுதிக் கொடுத்தாய் என்றும் அதைத் தமிழில் ஆக்கிப் போட்டிருக்கிறார்கள் என்றும் அவள் சொன்னதும் எனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று, கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் என் மகள் எழுதினது என்று சொன்னேன். பிறகு அவள் வாசித்தாள். சுரண்டையில் ஒரு பட்டறைக்காரர் கடைந்து கொடுத்த மட்டமான வீல் போல்ட் ஒடிந்ததால் கார் கவிழ்ந்தது, அந்த இழப்பிலிருந்து பெரிய முதலாளி பாடம் கற்று, இனி உலகத்துக்கே நல்ல போல்ட் கொடுப்பேன் என்று காரை விட்டுவிட்டுப் போல்ட் தொழிலுக்கு வந்தார் என்று இருந்தது. நீ இட்டுக்கட்டவில்லையம்மா. நீ சின்னப் பிள்ளையாக என் மடியில் படுத்துக் கேட்டதைத்தான் ஒரு சொல் மாறாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் நான் சொல்லிக் கேட்டதற்கும், தாளில் ஏறியதை இன்னொருத்தி வாசித்துக் கேட்டதற்கும் வித்தியாசம் இருந்தது. அது பொய். அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவன் நான். நடந்தது என்ன என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

பெரிய முதலாளி சங்கிலிப்பாண்டியை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். செங்கோட்டைக்கு மேலே புளியரை ஏற்றத்தில் அன்றைக்குக் கார்கள் எல்லாம் தண்ணீர் கொதித்து நிற்கும். இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறுகிற சின்னக் கார் ஒன்றை நம்ம ஊரிலேயே செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். திரிகூடம் மோட்டார்ஸ் என்று பெயர் வைத்தார். தென்காசி ரோட்டில் தகரக் கொட்டகை, ஆள் பதினாலு பேர். நான் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவனாகச் சேர்ந்து, ஒரு வருஷத்தில் சக்கரம் மாட்டுகிறவனாக ஆனேன். வரைபடம் எனக்கு வாசிக்க வராது, ஒரு தடவை கையால் மாட்டிப் பார்த்துவிட்டால் மறக்காது. இன்ஜின் ஏலத்தில் எடுத்தது, கியர் வேறு ஊரிலிருந்து வந்தது, கூடு நாங்கள் தட்டியது. மொத்தம் ஒன்பது கார் கட்டினோம். நாலாவது காருக்குப் பாசிப் பச்சை. கதவு மூடும்போது மற்றதெல்லாம் டங்கென்று கேட்கும், இது மட்டும் பொத்தென்று பெட்டி மூடுகிற மாதிரி மூடும். அதைத்தான் மெட்ராஸிலிருந்து வருகிற அதிகாரிக்கு ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. அவர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். எழுபதாம் வருஷம். சரஸ்வதி பூஜை வெள்ளிக்கிழமை, அதிகாரி வருவது திங்கட்கிழமை.

வீல் போல்ட்டும் நட்டும் சுரண்டையில் பாண்டித்துரை என்கிறவன் லேத்தில் கடைந்து கொடுத்தான். என் வயசுதான் இருக்கும். பேச்சு அதிகம் கிடையாது. போல்ட்டைச் சாக்கில் கொட்டித் தரமாட்டான், ஒவ்வொன்றாக எண்ணெயில் முக்கித் துணியில் சுற்றித் தருவான். முதலாளி ஒரு தடவை, ஏலே பிள்ளைக்குத் துணி சுத்துத மாதிரில்லா சுத்துதே என்று கேலி செய்ததற்கு, மரை அடிபட்டா உங்க காருக்குத்தான் முதலாளி கேடு என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தான். நான் எத்தனையோ நூறு நட்டு முடுக்கியிருக்கிறேன், போல்ட்டில் அவன் சுற்றி வெட்டிய மரையில் நட்டு ஏறுகிற மாதிரி வேறு எதிலும் ஏறாது, விரலால் சுழற்றிவிட்டால் அதுவாகப் போய் உட்காரும்.

பூஜையன்றைக்குக் கொட்டகையில் எல்லா மிஷினையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பச்சைக் காருக்கு வைக்கப் போனபோது முதலாளி தடுத்துவிட்டார். பெயிண்ட் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கு, ஒரு பொட்டு கறை பட்டாலும் அதிகாரி முன்னால அசிங்கம், இந்த வருஷம் அதுக்குச் சூடம் மட்டும் காட்டுங்க போதும் என்றார். எல்லோரும் சரி என்று போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாண் நீள அரத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறோம், வெளக்குமாற்றுக்கு வைத்திருக்கிறோம், ஊருக்கே பேர் வாங்கித் தரப்போகிற வண்டி மொட்டை நெற்றியோடு நிற்கலாமா. மறுபடியும் மறுபடியும் அதைச் சுற்றி வந்தேன். பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கழற்றினேன். போல்ட்டில் பாண்டித்துரை போட்ட எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சாமிக்கு வைக்கிற இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு சுத்தம். பிறகு அரைத்த சந்தனத்தை மரையிலும், நட்டு உட்காருகிற இடத்திலும் கெட்டியாக அப்பினேன். அதன் மேலேயே சக்கரத்தை ஏற்றி நட்டைப் போட்டு ஸ்பேனரில் ஏறி மிதித்து முடுக்கினேன். மேலே கிண்ணி மாதிரி இருக்கிற வீல் கப்பைத் தட்டி மூடிவிட்டேன். உள்ளே பொட்டு, வெளியே பளபளப்பு. யாருக்கும் தெரியாமல் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி சாமி கும்பிட்டேன்.

நீ அங்கே காற்றாலை போல்ட்டைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவள். ஈரச் சந்தனம் மூணு நாள் வெயிலில் காய்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் முடுக்கும்போது இரும்பும் இரும்பும் சேர்ந்துவிட்டது என்றுதான் கைக்குத் தெரிந்தது. நடுவில் சந்தனம் இருந்திருக்கிறது. அது காய்ந்து பொடியாகி உதிர்ந்ததும் நட்டு லேசாகிவிட்டது. திங்கட்கிழமை கடற்கரை வண்டியை எடுத்தான். பக்கத்தில் அதிகாரி. நாங்கள் பின்னால் முதலாளி ஜீப்பில். புளியரை ஏற்றத்தில் ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. மேலே நிறுத்தி அதிகாரி இறங்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார், முதலாளி ஜீப்புக்குள்ளேயே அழுதுவிட்டார், நான் பார்த்தேன். திரும்பி இறங்கும்போது மூன்றாவது வளைவு தாண்டி, இடது முன் சக்கரம் தனியாகக் கழன்று வண்டிக்கு முன்னால் ஓடியது. வண்டி சாய்ந்து இழுத்துக்கொண்டு போய் வயலில் விழுந்தது. நட்ட வயல், அதனால் உயிர் தப்பியது. கடற்கரைக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதிகாரி சேற்றில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சக்கரம் இருந்த இடத்தில் மூன்று போல்ட் ஒடிந்து நின்றது. நட்டு தளர்ந்தபின் சக்கரம் ஆடி ஆடி ஒடித்தது அது, போல்ட் ஒடிந்து சக்கரம் கழலவில்லை. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒடிந்த போல்ட்தானே தெரியும். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்து, பாண்டித்துரை எங்குடியக் கெடுத்துட்டானேலே என்றார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்த பிறகு மற்ற மூன்று சக்கரத்தையும் திறந்து பார்த்தேன். நட்டு விரலுக்கே சுழன்றது. காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக என் உள்ளங்கையில் கொட்டியது. மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு மரையையும் துடைத்தேன், வாசம் போகிற வரைக்கும் துடைத்தேன், திரும்ப முடுக்கி வைத்தேன். அன்றைக்குப் பயத்தில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் காலையிலேயே முதலாளி சுரண்டைக்குப் போய், நடுச்சந்தையில் அந்தப் போல்ட்டைப் பாண்டித்துரை காலடியில் எறிந்து, சனம் கூடி நிற்க ஏசிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல. ஒரு நாள் பிந்தியது, அப்புறம் ஒரு மாதம், அப்புறம் கல்யாணம், நீ பிறந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஊரான் போல்ட்டை நம்பினதுக்கு எனக்குக் கிடைச்ச செருப்படி போதும், இனி நானே அடிப்பேன் என்று முதலாளி கம்பியை வெட்டித் தலை தட்டுகிற மிஷினும் மரை உருட்டுகிற மிஷினும் வாங்கிப் போட்டார். நம்ம காருக்குத்தான் வாங்கினார். லைசென்ஸ் வரவில்லை, இரண்டாம் தடவை அதிகாரி எட்டிப் பார்க்கவே இல்லை. மிஷின் சும்மா கிடக்கிறதே என்று பஸ் கூட்டுக்காரர்கள் கேட்டார்கள், லாரிக்காரர்கள் கேட்டார்கள், மில்லுக்குப் போனது, ரயிலுக்குப் போனது, இப்போது காற்றாலைக்குப் போகிறது. காரைப் பிரித்துத் தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டோம், பச்சைக் கார் மட்டும் தப்பித்தது. நானூறு குடும்பம் அந்தக் கம்பெனியில் சாப்பிடுகிறது. நீ படித்ததும் அதில்தான். ஒவ்வொரு வருஷமும் பூஜையன்று முதலாளி எல்லோரையும் நிறுத்தி அந்த ஒடிந்த போல்ட்டைக் காட்டிக் கதை சொல்வார், மணி பக்கத்தில இருந்து பாத்தவம்லா, கேட்டுப் பாருங்கலே என்பார். நானும் ஆமா என்பேன். சொல்லிச் சொல்லி, அப்படித்தான் நடந்தது என்று நானே நம்பின வருஷங்கள்கூட உண்டு.

பாஹிமா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி, இன்னும் இருக்கு என்றேன். டீ குடித்துவிட்டு எழுதுகிறோம்.

மலரை வாசித்துக் கேட்ட மறுநாள் சுரண்டை பஸ் ஏறினேன். அம்பத்தஞ்சு வருஷமாக அந்த ஊர் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். பட்டறை இருந்த இடத்தில் பெயிண்ட் கடை இருக்கிறது. விசாரித்ததில் பாண்டித்துரை இறந்து பதினோரு வருஷம் என்றார்கள். அவன் சம்சாரம் வள்ளித்தாய் பின்னால் சந்தில் தனியாக இருக்கிறாள். நான் இன்னார் என்று சொன்னதும், திரிகூடம் கம்பெனியா என்று கேட்டுவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உனக்குச் சொன்ன மாதிரியே, சந்தனம் அப்பினதிலிருந்து துடைத்தது வரைக்கும். அவள் ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் ஏசவில்லை. இப்படிச் சொன்னாள், ஊர் ஏசினத அவரு பெருசா எடுக்கல அண்ணாச்சி, நம்ம மரையிலதான் எங்கயோ கோளாறுன்னு அவரே நம்பிட்டாரு, அதாம் ஆளைத் தின்னுட்டு. மரை வெட்டுகிற டையைப் பூதக்கண்ணாடி வைத்து மாதக்கணக்காகப் பார்த்தானாம். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒரு நாள் அந்த டையைக் கிணற்றில் போட்டுவிட்டு லேத்தை விற்றுவிட்டானாம். புனலூரில் மரம் அறுக்கிற மில்லில் கூலிக்குப் போனவன், அதற்குப் பிறகு வீட்டுக் கதவுக்கு ஒரு திருகாணி போடுவதென்றால்கூட ஆசாரியைக் கூப்பிடச் சொல்வானாம், எங்கை சரியில்லட்டி என்பானாம். நீரு அன்னைக்கு ஒரு வார்த்தை அவருகிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லியிருந்தாக்கூடப் போதுமே அண்ணாச்சி, முதலாளிகிட்டச் சொல்ல வேண்டாம், அவருகிட்டச் சொல்லியிருக்கலாம்லா என்றாள். எனக்கு இந்த யோசனை அம்பத்தஞ்சு வருஷத்தில் ஒரு நாள்கூட வரவில்லை, உமா. கம்பெனிக்குச் சொல்வதா வேண்டாமா என்றுதான் யோசித்தேனே தவிர, அவனுக்குச் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை.

கம்பெனியில் என்னமோ புத்தகம் போட்டிருக்காவளாமே, அதுல என்ன போட்டிருக்கு என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அஞ்சாவது வரை படித்தவள். அந்த எழுத்தை மாத்திட்டுச் சொல்லி அனுப்பும், நானே வந்து வாசிச்சுப் பாக்கேன், அதுவரைக்கும் இங்கன வராதீரும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். செம்புத் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நேரே கம்பெனிக்குப் போனேன். பெரிய முதலாளி பேரன் புவனேஷ் நல்ல பையன்தான், என்னைக் கண்டால் எழுந்து நாற்காலி போடுவான். புதிதாகக் கட்டியிருக்கிற காட்சிக் கூடத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பச்சைக் கார் நிற்கிறது, அதன் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒடிந்த போல்ட், கீழே நீ எழுதியதைப் பித்தளைத் தகட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவனிடமும் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, தாத்தா, அம்பத்தஞ்சு வருஷம் ஆயிட்டு, வயசாக ஆக நமக்கே நடந்ததும் நினைச்சதும் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும், ஒடிஞ்ச போல்ட்டு கண்ணு முன்னால இருக்குல்லா, நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்றான். எனக்கு எழுத்து இல்லை, சொத்தென்று பெரிதாக இல்லை, ஞாபகம் ஒன்றுதான் என்னுடையது. அன்றைக்கு எந்த ஸ்பேனர், எந்தக் கிண்ணத்தில் சந்தனம், எத்தனை நட்டில் எது முதலில் சுழன்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டு வாசல் வரை வந்து ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். ஆட்டோவில் வரும்போது எனக்கே ஒரு நிமிஷம், ஒருவேளை கலந்துதான் போயிற்றோ என்று வந்துவிட்டது. அப்போதுதான் பாண்டித்துரை பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

சரி, விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவோம் என்று போனேன். சால்வை போட்டார்கள், மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் பூசி மெழுகவில்லை. போல்ட்டில் குத்தம் இல்லை, சந்தனம் வச்சு மாட்டினது நான், கழன்றது என்னால என்று சொன்னேன். கூட்டத்தில் முதலில் ஒருத்தன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள், உமா. வீல் போல்ட்டுக்கே பொட்டு வைத்த பக்திமான், அந்தக் காலத்து விசுவாசம் என்று மேடையில் இருந்தவர் மைக்கை வாங்கிச் சொன்னார். நான் கொலைக்குற்றம் ஒப்புக்கொள்கிற மாதிரி நிற்கிறேன், எனக்கு முன்னால் நானூறு பேர் சந்தோஷமாகக் கை தட்டுகிறார்கள். ஜீப்பில் என்னோடு வந்தவர்களில் ஒருத்தன் உயிரோடு இருந்திருந்தால் தட்டியிருக்க மாட்டான், அவனுக்குப் புரிந்திருக்கும். அந்த வீடியோவைப் பின்னால் பாட்டுப் போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், பாஹிமா போனுக்கே வந்திருக்கிறது. பிறகு சாப்பாடு. இலையில் உட்கார வைத்துப் பக்கத்தில் இருந்தவன், தாத்தா எங்க ஸ்கூட்டருக்கும் வந்து பொட்டு வைங்க என்றான். பாயசத்தோடு எழுந்து வந்துவிட்டேன். அந்த வீடியோவைத்தான் நீ கேட்கிறாய். உன் மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்ட வேண்டாம்.

இப்போது நான் கேட்பது இது ஒன்றுதான். புவனேஷ் என் பேச்சை வயசு என்று தள்ளிவிட்டான். உன் பேச்சைத் தள்ள மாட்டான். அந்த வரலாற்றை எழுதியவள் நீ, போல்ட் எப்படி ஒடியும் என்று படித்தவளும் நீ. ஒடிந்த முனையைப் பார்த்தாலே ஒரே அடியில் ஒடிந்ததா, ஆடி ஆடி ஒடிந்ததா என்று தெரியும் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். பெட்டியைத் திறந்து அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேள். பார்த்துவிட்டு, நான் எழுதியது தவறு, என் அப்பா எனக்குத் தவறாகச் சொன்னார், திருத்துகிறேன் என்று உன் கையெழுத்தோடு அவனுக்கு எழுது. ஒருவேளை என் ஞாபகம்தான் பிசகு என்று அந்தப் போல்ட் சொன்னால் அதையும் மறைக்காமல் எனக்குச் சொல். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு சொல்லும் போடாதே, அறியாமல் செய்தார், பக்தியில் செய்தார் என்று எழுதிவிடாதே. வைத்தது அறியாமல். துடைத்தது அறிந்துதான். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று உனக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. உன் முகத்தில் என்னைப் பற்றி இருக்கிற மதிப்பு குறைந்தால் நான் என்ன செய்வேன் என்று இந்த ஒரு மாதமாக யோசித்தேன், வேறு யார் முகத்தைப் பற்றியும் நான் கவலைப்பட்டதில்லை. கோபம் இருந்தால் கொஞ்ச நாள் போன் பண்ணாமல் இரு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன், அது வழக்கம், அதை மாற்ற வரவில்லை.

பிள்ளைகளுக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து வாரத்துக்கு ஒரு நாளாவது குளிப்பாட்டு. நீ வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். குமாரர் அருளும் உன் அம்மாவின் நினைப்பும் உங்கள் நாலு பேர் தலைமேலும் எந்நாளும் இருக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. தகட்டில் சுரண்டையில் ஒரு பட்டறைக்காரர் என்றுதான் இருக்கிறது, குறை சொல்லும்போதுகூட அவன் பெயரைப் போடவில்லை. புதுத் தகட்டுக்கு நீ எழுதும்போது பெயரைப் போடு. பாண்டித்துரை, சுரண்டை. நல்ல போல்ட் கடைந்தவன் என்று போடு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றும் சொல். வள்ளித்தாய்க்கு எழுபத்தெட்டு வயசு, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, சந்திலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே மூச்சு வாங்குகிறது. அதனால் நாள் கடத்தாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
இசக்கிமணி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொன்னபடி எழுதி, முழுவதும் வாசித்துக் காட்டி, என் முன்னால் ரேகை வைத்தது உண்மை.
பாஹிமா, தென்காசி.